எம்ஜிபி (தானுந்து)

எம்ஜிபி என்பது இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட, இரண்டு இருக்கைகள் கொண்ட திறந்தவகை விளையாட்டுத் தானுந்து ஆகும். ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகிலுள்ள அபிங்டன் தொழிற்சாலையில் இது உருவானது. நிலையான கூரை கொண்ட எம்ஜிபி ஜிடி 1965 இல் வெளிவந்தது. இரண்டும் சேர்ந்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாரிக்கப்பட்டன; அவற்றுள் பெரும்பாலானவை வட அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. எம்ஜி என்பது மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கமாகும்.

வடிவமைப்பு

இதற்கு முந்தைய எம்ஜிஏ தனி அடிச்சட்டகத்தின் மேல் உடல் பொருத்தப்பட்ட வண்டியாகும். எம்ஜிபியில் தனிச் சட்டகம் இல்லை. தகட்டு உடலே சுமை முழுவதையும் தாங்குகிறது. இதனால் வண்டியின் நீளம் சற்றுக் குறைந்தும் உள்ளே இடம் கூடியது.

பொறியில் புதுமை ஏதுமில்லை. 1798 கன செ.மீ. கொள்ளளவும் நான்கு உருளைகளும் கொண்ட இந்த வார்ப்பிரும்புப் பொறி, பிஎம்சி நிறுவனத்தின் சாதாரணக் குடும்பத் தானுந்துகளுக்கான 'பி' வரிசையைச் சேர்ந்தது. இந்தியாவில் பல்லாண்டுகள் ஓடிய அம்பாசடரின் 1489 கன செ.மீ. பெட்ரோல் பொறியும் இதே குடும்பமே. இரட்டைக் காபுரேட்டர்களுடன் எம்ஜிபி சுமார் 95 குதிரைத்திறன் தந்தது. பின் அச்சு, சரக்குந்துகளில் காணப்படுவது போன்ற தகட்டு வில்களின் மேல் அமைந்திருந்தது.

ஈர்ப்புக்கான காரணங்கள்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட எம்ஜிபிக்கு ஏறத்தாழ 12 வினாடிகள் தேவை. இன்றைய சிறிய குடும்பத் தானுந்துகள் பல இதனை எளிதில் முந்திவிடும். ஆகவே இதன் கவர்ச்சி வேகத்தில் இல்லை, வேகத்தை உணர்த்தும் விதத்தில் உள்ளது. ஓட்டுநர் தரைக்கு மிக அருகில் அமர்கிறார். திசைமாற்றிக்கு ஆற்றல் உதவி இல்லாததால் சாலையின் மேடுபள்ளங்கள் நேரே கைக்கு வந்து சேர்கின்றன. காற்றும் பொறியின் ஒலியும் சேர, 60 கி.மீ. வேகமே விரைவாகத் தோன்றும்.

மற்றொரு காரணம் பழுதுபார்க்கும் எளிமை. முன்மூடியைத் திறந்தால் எல்லா உறுப்புகளும் கண்ணுக்குத் தெரியும். ஒரு பெட்டி திருகுசாவிகளும் பொறுமையும் உள்ளவர் வால்வு இடைவெளியையும் காபுரேட்டரையும் தாமே சரிசெய்யலாம். துருதான் உண்மையான பகை. கதவுக்குக் கீழுள்ள பக்கவாட்டுப் பெட்டித் தகடுகளே உடலின் வலிமைக்கு ஆதாரம் என்பதால், அவை அரித்துவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பட்டி பார்த்து வண்ணம் பூசி இதனை மறைத்து விற்பதும் உண்டு. 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய உடற்கூடுகள் செய்யப்பட்டதால், அவ்வாறு கைவிடப்படவிருந்த பல வண்டிகள் மீண்டன.

வீழ்ச்சி

அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974 இல் பளபளக்கும் குரோம் இடிதாங்கிகளுக்குப் பதிலாகக் கனத்த கறுப்பு இடிதாங்கிகள் பொருத்தப்பட்டன. வண்டியின் உயரமும் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூட்டப்பட்டது. ஈர்ப்பு மையம் உயர்ந்ததால் வளைவுகளில் வண்டி அதிகம் சாய்ந்தது. அமெரிக்க வண்டிகளில் ஒரே காபுரேட்டர் பொருத்தப்பட்டுத் திறனும் குறைந்தது. விதிகளை மட்டும் குறைகூறுவது பொருந்தாது. 1962 இன் வடிவத்துக்கு மாற்றாகப் புதிய எம்ஜி ஒன்றை உருவாக்க உரிமை நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் முதலிடவில்லை. பவுண்டின் மதிப்பு உயர்ந்து அமெரிக்க விற்பனையில் இழப்பு நேர்வதாகக் கூறி, 1980 அக்டோபரில் அபிங்டன் ஆலையை அது மூடியது.

எளிய திறந்த தானுந்துக்கான சந்தை அதனுடன் மறைந்துவிடவில்லை. 1989 இல் சப்பானின் மாசுடா நிறுவனம் எம்எக்ஸ்-5 ஐ வெளியிட்டு அதனைக் கைப்பற்றியது.