பூட்டனைத் தேடினோம், பூட்டியைக் கண்டோம்

“என்னுடைய பூட்டன் செங்ஹெனித் சுரங்கத்தில் இறந்தவர்.”

எங்கள் நிலையத்துக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்திருந்த ஆசிரியை ஒருநாள் மாலை இப்படிச் சொன்னார். அவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தவர். அவருடைய அம்மம்மா ஆறு வயதில் தகப்பனை இழந்தவராம். அந்த ஒரு வசனத்துக்கு மேல் சாகும்வரை அவர் எதுவும் பேசவில்லையாம். பேசாமல் வைத்திருக்கும் துக்கம் எப்படியிருக்கும் என்பதை இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சமூகவியல் படித்தவள் என்பதால் எனக்கும் ஆர்வம் உண்டானது. வகுப்புகள் முடிந்த மாலைகளில் இருவரும் கணினியின் முன் அமர்ந்து தேடத் தொடங்கினோம்.

செங்ஹெனித் என்பது தெற்கு வேல்ஸில் உள்ள ஒரு சிற்றூர். 1913 ஒக்டோபர் 14ஆம் திகதி காலை, அங்கிருந்த யூனிவர்சல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களைக் காப்பாற்றப் போனவர்களில் ஒருவரும் இறந்தார். 200க்கும் மேற்பட்ட பெண்கள் விதவைகளாகினர். அதே சுரங்கத்தில் 1901இலும் வெடிப்பு நிகழ்ந்து 81 பேர் இறந்திருந்தனர். அப்படியிருந்தும் சட்டம் கேட்ட பாதுகாப்பு ஏற்பாடுகள் முழுமையாகச் செய்யப்பட்டிருக்கவில்லை. வழக்கின் முடிவில் முகாமையாளருக்கு 24 பவுணும், பின்னர் கம்பனிக்கு 10 பவுணும் தண்டம் விதிக்கப்பட்டன. அத்தனை உயிர்களுக்கும் அவ்வளவுதான்.

இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தோம். வேல்ஸில் குடும்பப் பெயர்கள் மிகக் குறைவு. ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் என்று ஊர் முழுவதும் ஒரே பெயர்களே வரும். பூட்டனின் பெயரும் பட்டியலில் இருந்தது. ஆனால் வயது பொருந்தவில்லை, விலாசமும் பொருந்தவில்லை. அது வேறொருவர்.

அக்காலத்தில் சுரங்கப் பரிசோதகர்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளில் ஒவ்வொரு மரணமும் ஒரு வரியில் பதியப்பட்டிருக்கும். அந்த வரிகளுக்குள் அவரைக் கண்டுபிடித்தோம். அதே 1913தான், ஆனால் சில மாதங்களுக்கு முன்னர். இடம் ரொண்டா பள்ளத்தாக்கு. சுரங்கத்தின் மேற்பகுதி இடிந்து விழுந்து, தனி ஒருவராக இறந்திருந்தார்.

ஆசிரியை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியென்றால் அவரை யாருமே நினைவுகூரவில்லை” என்றார்.

உண்மை அதுதான். பெரிய வெடிப்புகளை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. செங்ஹெனித்தில் 2013இல் தேசிய நினைவிடமும் திறக்கப்பட்டது. ஆனால் சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் ஒருவர் இருவராகவே இறந்தனர். அவர்களுக்காக ஒரு வீட்டில் மட்டுமே அழுகை கேட்டது. அந்தச் சிறுமியும் தன் தகப்பனைப் பலரும் அறிந்த ஒரு துயரத்தோடு சேர்த்துவிட்டாள் போலும். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மரண அத்தாட்சிப் பத்திரத்தை வரவழைத்தோம். பெயர், வயது, தொழில், காரணம் இருந்தன. தகவல் தந்தவர் மரண விசாரணை அதிகாரி. மனைவியின் பெயர் எங்கும் இல்லை.

பூட்டியைத் தந்தது 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு. அவ்வாண்டு வீட்டுக்காரர் தம் கையால் நிரப்பிய படிவங்களே இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. பூட்டனின் கையெழுத்தை ஆசிரியை முதன்முதலாகப் பார்த்தார். மணமான பெண்களைப் பற்றி அப்படிவம் ஒரு கேள்வி கேட்டது: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்போர் எத்தனை, இறந்தோர் எத்தனை? அவர் எழுதியிருந்தார்: 6, 4, 2.

அந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிக் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. அவர்களைத் தேடுவதற்கு தகப்பனின் பெயர் உதவவில்லை. அப்பெயரில் நூற்றுக்கணக்கானோர் உண்டு. பிறப்புப் பதிவுச் சுட்டியில் தாயின் திருமணத்துக்கு முந்திய குடும்பப் பெயரும் உள்ளது. அதை வைத்துத்தான் ஒரு பெண் குழந்தையையும் ஓர் ஆண் குழந்தையையும் கண்டோம். இருவரும் ஒரு வயது நிரம்புமுன் இறந்தவர்கள்.

அதன்பின் பூட்டியைத் தொடர்ந்து போனோம். தொழிலில் இறந்தவரின் குடும்பத்துக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1897 முதல் பிரித்தானியாவில் இருந்தது. ஆனால் அந்தப் பணம் விதவையின் கையில் நேரே கொடுக்கப்படவில்லை. நீதிமன்றத்தில் கட்டப்பட்டு, சிறிது சிறிதாகவே அவளுக்குக் கிடைக்கும். தன் கணவனின் உயிருக்கு ஈடான பணத்துக்கே அவள் பிறரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது.

1921ஆம் ஆண்டுப் படிவங்கள் நூறு ஆண்டுகள் மூடி வைக்கப்பட்டு 2022இல் திறக்கப்பட்டன. அதிலே குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பூட்டியின் பெயர் இருந்தது. வாடகைக்குத் தங்கியிருந்த இரண்டு சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டு, துவைத்துக் கொடுத்து, நான்கு பிள்ளைகளையும் வளர்த்திருக்கிறார். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்றும் அப்படிவம் கேட்டது. ஆசிரியையின் அம்மம்மாவுக்கு நேரே “தந்தை இறந்துவிட்டார்” என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வரியைப் பார்த்தபோது ஆசிரியை அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

சகோதரிகளே, பிற நாட்டுக் குடும்பம் ஒன்றின் கதையை ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். பொலித்தீன் பைக்குள் பத்திரங்களைச் சுற்றிவைத்துக்கொண்டு என்னிடம் வரும் தாய்மாரை நான் தினமும் காண்கிறேன். பத்திரம் எதுவுமே மிஞ்சாமல் வருபவர்களும் உண்டு. இத்தேடலில் நான் கற்றவை அவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

ஒரே பெயர் உடையவர்கள் பலர் இருப்பர். ஆகவே பெயரோடு வயது, விலாசம், தாயின் பெயர் ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். இருக்கும் பத்திரங்களைப் பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1931இல் எடுத்த குடிசன மதிப்பீட்டுப் படிவங்கள் முழுவதும் 1942இல் தீயில் அழிந்துபோயின. அத்தகைய இடைவெளியை நிரப்ப மூத்தவர்களின் நினைவும் உதவும். அவர்கள் பேசக்கூடிய நாளில் கேளுங்கள். பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

ஊருக்குத் திரும்புமுன் ஆசிரியை தம் குடும்ப மரத்தை ஒரு பெரிய தாளில் வரைந்தார். பூட்டனின் பெயருக்குப் பக்கத்தில் பூட்டியின் பெயரை அதே அளவு எழுத்தில் எழுதினார். அதன் கீழே நான்கு பிள்ளைகள் அல்ல, ஆறு பிள்ளைகள்.