நத்தத்தனார் வழியில் செஞ்சிக்கு ஒரு சைக்கிள்

செஞ்சிக்கு இன்றுவரை ரயில் கிடையாது. திண்டிவனம் – திருவண்ணாமலை ரயில் பாதை என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் எழும், பிறகு அடங்கிவிடும். மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இந்த ஊருக்கு வந்தவர்கள் எல்லோரும் சாலை வழியாகத்தான் வந்தார்கள். இப்போது ஹெல்மெட்டும் பளபளக்கும் ஜெர்சியுமாகச் சென்னை சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். கோட்டையைப் பின்னணியில் வைத்து ஒரு செல்ஃபி, ஒரு டீ, இரண்டு வாழைப்பழம், அப்படியே யு-டர்ன்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. நெடுந்தூர சைக்கிளோட்டத்தில் ‘பிரெவே’ என்றொரு முறை உண்டு. பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிப்படி 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், 600 கி.மீ. என்றால் 40 மணி நேரம். இந்த வகையில் உச்சமாகக் கருதப்படும் பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் ஓட்டம் 1,200 கி.மீ.; அதற்கு 90 மணி நேரம். சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் அமைப்பினர் இந்த ஓட்டங்களை நடத்துகிறார்கள். தூக்கத்தைத் தொலைத்து மிதிக்கும் அந்த மன உறுதிக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஓர் ஊரைப் பார்க்க அது வழியல்ல. சென்னையிலிருந்து செஞ்சி நேர்வழியில் சுமார் 155 கி.மீ.தான்; பயிற்சி உள்ளவர் ஒரே பகலில் போய்விடலாம். நான் சொல்லப்போவது கடற்கரையைச் சுற்றிக்கொண்டு, ஓர் இரவு மரக்காணத்திலும் இரண்டு இரவு செஞ்சியிலும் தங்கிப் போகும் வழி. அதிலும் தனியாக.

ஏன் தனியாக? பத்துப் பேர் கூட்டமாகப் போனால் டீக்கடையில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். நீங்களே உங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஒற்றை ஆள், ஒற்றை சைக்கிள், பின்னால் கேரியரில் ஒரு மூட்டை என்றால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடம் விடுவார். அடுத்த கேள்வி எங்கும் ஒன்றுதான்: “எங்கிருந்து வர்றீங்க?”

முதல் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை பொழுது விடிவதற்குள் கடந்துவிடுவது புத்திசாலித்தனம்; அதன் பிறகு அந்தச் சாலை கார்களுக்குத்தான் சொந்தம். கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் நகரம் உண்மையில் பின்தங்குகிறது. ஆற்றில் பெரும்பாலும் மணல். கூவத்தூர் கடந்து கடப்பாக்கம் நெருங்கும்போது நீங்கள் இருப்பது இடைக்கழிநாடு. கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட நிலம். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த நாட்டுக்காரர்.

பள்ளியில் மனப்பாடப் பகுதியாகப் படித்து மறந்த அந்தப் பாட்டை, சைக்கிளில் போகிறவர் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊருக்கு வழி சொல்கிறான். முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம். அங்கே பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும். அடுத்து வேலூர், வேட்டுவர் வீட்டில் புளிச்சோறும் சுட்ட இறைச்சியும். பிறகு ஆமூர், உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். அதைத் தாண்டினால் அரசனின் ஊரான ‘கிடங்கில்’. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுவதுண்டு. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், எங்கே சாப்பாடு, யார் வீட்டில் கேட்கலாம்: தனியாக நெடும்பயணம் கிளம்புகிறவனுக்கு வேண்டியதும் இவ்வளவுதான். எவ்வளவு கி.மீ., எத்தனை மேடு என்று செல்போன் சொல்லிவிடும். நண்டு எங்கே கிடைக்கும் என்று அது சொல்லும் லட்சணம் நமக்குத் தெரியும்.

கடப்பாக்கத்தில் சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. கழிமுகத்தை ஒட்டிச் சிதைந்து நிற்கும் செங்கல் மதில்கள். 1750-இல் இது பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பத்தாண்டுகள் கழித்து ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். 1750 என்ற வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

மரக்காணத்தில் உப்பளம். மழைக்காலம் முடிந்து தை பிறந்தபின் போனால் பாத்தி கட்டும் வேலை நடக்கும். பக்கத்திலேயே கழுவேலி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரும் உவர்நீர் ஏரி. இரவு இங்கே தங்கிவிடலாம். சுமார் 115 கி.மீ. மிதித்த கால்களுக்கு இதற்கு மேல் இலக்கியமும் வேண்டாம், பறவையும் வேண்டாம்.

இரண்டாம் நாள் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே. மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பதால் இந்தத் திசையில் பின்னாலிருந்து தள்ளிவிடும். காற்றைவிடக் கவனிக்க வேண்டியது முள். சாலையோரம் எங்கும் சீமைக் கருவேலம். வெட்டிப் போட்ட முள் தார்ச்சாலையின் ஓரத்தில் கிடக்கும். சைக்கிளுக்கான இடமும் அந்த ஓரம்தானே.

பஞ்சர் கடை ஒன்றில் கண்ட காட்சி. சென்னையிலிருந்து விலை உயர்ந்த சைக்கிளில் வந்த இளைஞர் நின்றிருந்தார். கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிக் குமிழி வந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்தி, துடைத்து, அரம் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, பேட்ச் ஒட்டி, சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார். எல்லாம் ஐந்து நிமிடம். பிறகுதான் சிக்கல். “இன்னா தம்பி இது, ஊசி மாதிரி இருக்குது? இதுல எப்படிக் காத்தடிக்கிறது?” மெல்லிய பிரெஸ்டா வால்வு. கம்ப்ரசரின் வாய் அதில் உட்காராது. நம்மூர் சைக்கிளுக்கு வால்டியூப் இருக்கிறது, பைக்குக்குத் தடித்த வால்வு இருக்கிறது. இரண்டும் எந்தக் கிராமத்திலும் செல்லும். கடைசியில் அந்த இளைஞர் தன் கைப்பம்பை எடுத்து வியர்க்க வியர்க்க அடித்தார். நெடும்பயணத்துக்கு வண்டி வாங்குகிறவர்கள் எத்தனை கியர் என்று கேட்பதற்கு முன் வால்வைப் பார்க்க வேண்டும்.

திண்டிவனத்தைக் கடந்து செஞ்சி சாலையில் திரும்பும் நேரம் பள்ளி நேரமாக இருந்தால் அதிர்ஷ்டம். அரசு தந்த சைக்கிள்களில் மாணவிகள் மூன்று மூன்று பேராகப் பேசிக்கொண்டே போவார்கள். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது கேலி பேசியவர்கள் உண்டு. இன்று இந்தச் சாலையில் நான்தான் வேடிக்கைப் பொருள். “அண்ணா, கியர் சைக்கிளா? எவ்ளோ ரூபா?” உண்மையான விலையைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

தீவனூரில் பொய்யாமொழி விநாயகர். மிளகு மூட்டையை உளுந்து என்று பொய் சொன்ன வியாபாரிக்கு மிளகெல்லாம் உளுந்தாகவே ஆன கதை இவருடையது. மிளகு மூட்டைகள் போன பாதை இது என்பதைக் கதையே சொல்லிவிடுகிறது. இதற்கு மேல்தான் நிலம் மாறத் தொடங்கும். வயலுக்கு நடுவே ஒரு பாறை. பிறகு பாறைக் குவியல். பிறகு யாரோ கொட்டி வைத்ததுபோல் குன்றுகள். காரில் இது ஒரு வளைவில் முடிந்துவிடும். சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்கு மேல், கோட்டை மலைகளில் ஒன்றான ராஜகிரி மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே வரும். கோட்டையை முற்றுகையிட வந்த படைகள் அதைப் பார்த்தது இந்த வேகத்தில்தான், இன்னும் மெதுவாகவும். எதிரி வருவதை மேலே இருந்தவர்கள் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது காலுக்குப் புரியும்.

மூன்றாம் நாள் சைக்கிளுக்கு ஓய்வு, ஏறுவது ராஜகிரி. திருவண்ணாமலை சாலையே கோட்டை வளாகத்தை ஊடறுத்துத்தான் போகிறது: வடக்கே கிருஷ்ணகிரி, மறுபுறம் ராஜகிரி, தெற்கே மூன்றாவதாகச் சந்திரகிரி. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. வாசல் திறந்ததும் ஏறிவிட வேண்டும். நேரம் கடந்தால் மேலே விடமாட்டார்கள். கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கப் பழகியவை. உச்சிக்குச் சற்று முன் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஒரு சின்னப் பாலம்தான் வழி. அதை எடுத்துவிட்டால் இந்தப் பக்கம் எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே நின்று கீழே பார்த்தால்தான், சிவாஜியின் மகன் ராஜாராம் ஏன் இவ்வளவு தூரம் வந்தார் என்பது விளங்குகிறது. 1689-இல் பன்ஹாளாவிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, வேலூர் வழியாக இங்கே வந்து சேர்ந்தார். மொகலாயத் தளபதி சுல்பிகர் கானின் முற்றுகை எட்டு ஆண்டுகள் நீடித்து 1698-இல்தான் முடிந்தது.

எட்டு ஆண்டுகள் தாங்கிய இதே கோட்டையை 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். ஆலம்பரை கைமாறிய அதே வருடம். 1761-இல் ஆங்கிலேயர் வந்தார்கள், கதை முடிந்தது. இங்கிருந்த கல்தூண்கள் சில இன்று புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அறிவித்த மராட்டிய ராணுவத் தலங்கள் பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். மீதி ஒன்று செஞ்சி. ஆனால் இந்த ஊர் மனதில் வைத்திருக்கும் பெயர் ராஜாராம் அல்ல, 1714-இல் ஆற்காட்டுப் படையோடு மோதி இளம் வயதிலேயே மாண்ட தேசிங்கு. எட்டாண்டு தாக்குப்பிடித்தவனைவிட ஒரே நாளில் பாய்ந்து செத்தவனுக்குத்தான் கூத்தும் பாட்டும். இது நியாயமில்லை என்பது என் கட்சி.

வெள்ளிக்கிழமையாக இருந்தால் அதிகாலையில் வாரச்சந்தைக்குப் போங்கள். ஆட்டு வியாபாரம் பெரிது.

நான்காம் நாள் விடியலில் ஊருக்கு அருகிலேயே திருநாதர் குன்று. ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள், இரண்டு வரிசையாக. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. பிறகு விழுப்புரம் சாலை, சுமார் 40 கி.மீ. வழியில் மண்டகப்பட்டு: செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் எழுதி வைத்த குடைவரை. கோட்டையில் கூட்டம் நெரியும் விடுமுறை நாளிலும் இங்கே நீங்கள் தனியாக இருக்கலாம்.

கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழியும் தையும்தான் காலம். சித்திரை வெயிலில் இந்தப் பாறை நாட்டில் மிதிப்பது வீரம் அல்ல. இரண்டு லிட்டர் தண்ணீர், எலக்ட்ரால் பாக்கெட், கடலை மிட்டாய், ஒரு ஸ்பேர் டியூப் போதும். விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்கு முன்கூட்டியே போய், பார்சல் ஆபீஸில் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். வரும்போது தள்ளிவிட்ட அதே வடகிழக்குக் காற்றை எதிர்த்துச் சென்னை வரை மிதிக்க வேண்டும் என்று யாரும் வேண்டுதல் வைத்துக்கொள்ளவில்லை.