ஸ்டேஷன் வரைக்கும் ஒரு சைக்கிள்

சாலை யாருக்கு? – 9

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் மணவூர் வழியாகத்தான் போனது. செஞ்சிப் பனம்பாக்கத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவே, சென்னை – அரக்கோணம் மின்சார ரயில் பாதையில் இருக்கிறது மணவூர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருட்டோடு எழுந்து, டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு, ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பெரம்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ரயில் பிடிக்கிற இடம். சீசன் டிக்கெட் கையில் இருந்தால் ரயிலில் போகிற தூரம் ஒரு பொருட்டே இல்லை. வீட்டிலிருந்து பிளாட்பாரம் வரையிலான நாலைந்து கிலோமீட்டர்தான் பாடாய்ப்படுத்துகிறது. பஸ் நினைத்தபோது வரும். ஷேர் ஆட்டோ நிரம்பினால்தான் கிளம்பும். ரயில் இரண்டுக்கும் காத்திருக்காது.

இந்தத் தூரத்தை ஒரு காலத்தில் சைக்கிள் கவனித்துக்கொண்டது. இதே ரயில் பாதையில் இருக்கிற அம்பத்தூரில்தான் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் தயாரித்தது. டைனமோ விளக்கு, கேரியரில் டிபன் பாக்ஸ், பேண்ட் செயினில் மாட்டாமல் இருக்க ஒரு கிளிப். 1980இல் டிவிஎஸ் 50 வந்தது. அதற்குப் பிறகு தவணையில் எக்ஸ்எல், அப்புறம் பைக். மிதிக்க வேண்டாம் என்பது மட்டும் காரணமில்லை. சைக்கிளில் போனால் 'இன்னும் வண்டி வாங்கலையா?' என்று கேட்கிற ஊர் நம்முடையது.

இப்போது நகரங்களில் சைக்கிள் என்ற பேச்சு எழுந்தாலே, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான உடையும் போட்டுக்கொண்டு போகிற கூட்டத்தின் படம்தான் பத்திரிகையில் வருகிறது. அவர்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நன்றாக ஓட்டட்டும். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயம் அல்லாத வேலைகளுக்குப் போகிறவர்களிடம் எதில் போகிறீர்கள் என்று கேட்டபோது, நூற்றில் 13 பேர் சைக்கிள் என்றார்கள். இரண்டரைக் கோடிக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் உடற்பயிற்சிக்காக மிதிக்கவில்லை. சாலையைத் திட்டமிடுகிறவர்கள் கண்ணில் இவர்கள் படுவதே இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் தமிழ்நாடு முந்திக்கொண்டது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர் எல்லாருக்கும் விரிந்தது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். தூரம்தான் படிப்பை நிறுத்தியது என்பது இதைவிடத் தெளிவாகத் தெரியாது. நம் ஊரில் பிளஸ் ஒன் வரை காத்திருக்க வைப்பது தாமதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்கும் முன்னால் புதுக்கோட்டை இருக்கிறது. 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் எழுத்தறிவோடு சேர்த்தார். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள்கூடக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள், ஆனால் ஆயிரக்கணக்கில் பெண்கள் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தபோது கேலி எடுபடவில்லை. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆனால் பள்ளியில் இலவச சைக்கிள் வாங்கிய மாணவி பிளஸ் டூ முடித்து, ஒரு கம்பெனி வேலைக்காக ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய நாளில் அதே சைக்கிளை எடுப்பாளா? பெரும்பாலும் வீட்டில் விடமாட்டார்கள். பயம் நியாயமானது. 2022இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. திருஞானசம்பந்தர், காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த தலம் என்று திருவாலங்காட்டில் கால் வைக்கத் தயங்கி வெளியே தங்கினாராம், பெரியபுராணம் சொல்கிறது. இன்றைக்கு இந்தப் பக்கத்துச் சாலையில் சைக்கிளை இறக்கத் தயங்குகிறவர்களுக்கு, எதிரே வருகிற டிப்பர் லாரி ஒன்றே போதும்.

சைக்கிள்காரருக்குச் சாலை என்பது ஓரத்தில் இருக்கிற இரண்டடிதான். அந்த இரண்டடியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகும், ஓரம் பள்ளமாகவே கிடக்கும். பின்னால் ஹாரன் கேட்டு ஓரம் ஒதுங்கினால் முன்சக்கரம் அந்த விளிம்பில் இறங்கிச் சரியும். மணல் கொட்டிக் கிடக்கும். இரவில் எதிரே வருகிற ஹைபீம் கண்ணைப் பறிக்கும். லெவல் கிராசிங்கை மூடிவிட்டு சப்வே கட்டினால், மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கும். பள்ளம் எத்தனை ஆழம் என்று தெரியாமல் உள்ளே மிதிக்க வேண்டும்.

இதெல்லாம் தெரியாத விஷயமா? இந்தியச் சாலை காங்கிரஸ் சைக்கிள் பாதைகளுக்கான விதிமுறையை 1962லேயே வெளியிட்டுவிட்டது, 2015இல் திருத்தியும் தந்தது. 2014இல் சென்னை மாநகராட்சி, போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று கொள்கையே வகுத்தது. பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது, நல்ல காரியம். பக்கத்துத் தெருவில் திரும்பினால் பழைய கதைதான். காகிதத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

நெதர்லாந்தும் பிறந்ததிலிருந்தே சைக்கிள் சொர்க்கமாக இருக்கவில்லை. 1971இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,300 பேர், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள், எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. இன்று ரயில் ஏறுகிறவர்களில் பத்தில் நாலு பேர் ஸ்டேஷனுக்கு சைக்கிளில் வருகிறார்கள். உத்ரெக்ட் நகர ஸ்டேஷனுக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தலாம், முதல் 24 மணி நேரம் இலவசம்.

மணவூருக்கு அவ்வளவு வேண்டாம். மழை படாத ஒரு கூரை, சைக்கிளைச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்ட ஒரு இரும்புக் கம்பி, கடைசி வண்டி வந்து போகும்வரை எரிகிற விளக்கு, அதுவரை இருக்கிற ஒரு ஆள். ஊருக்குள் நுழையும் சாலையில் வேகம் 30ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். நடப்பவர்களும் சைக்கிளும் வாகனங்களோடு கலக்கிற இடங்களில் அதுதான் வரம்பாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக சாலைப் பாதுகாப்பு மாநாடு சொன்னது. அந்த வேகத்தில் மோதினால் பிழைக்க வாய்ப்புண்டு, கூடக்கூட அந்த வாய்ப்பு சரசரவென்று குறையும்.

இதில் சிக்கல் பணத்தைவிடப் பொறுப்பில்தான் இருக்கிறது. ஸ்டேஷன் வாசல் வரை ரயில்வே நிலம். அதைத் தாண்டினால் நெடுஞ்சாலைத் துறை, இல்லாவிட்டால் ஊராட்சி. மூவருக்கும் சைக்கிள்காரர் அடுத்தவர் ஆள். ஸ்டாண்டை ரயில்வே டெண்டர் விட்டு ஏலத்தொகை வாங்குகிறது. எடுத்தவர் போட்ட பணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பைக்கும் காரும்தான் லாபம். சைக்கிள் மூலைக்குத் தள்ளப்படும், ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்துப் போடப்படும். ஹேண்டில்பார் கோணி, பெல் உடைந்து, வால்டியூப் பிடுங்கப்பட்டுக் கிடந்தால் கேட்க நாதி இல்லை.

இத்தனை சதவீத இடம் கூரையோடு சைக்கிளுக்கு, கட்டணம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, இரண்டில் எதை மீறினாலும் அபராதம் என்று டெண்டர் ஷரத்திலேயே எழுதலாம். இதற்குத் தனியாகத் திட்டமோ நிதியோ வேண்டியதில்லை. ரயில்வே கோட்ட அலுவலகத்தில் ஒரு அதிகாரி மனம் வைத்தால் அடுத்த ஒப்பந்தத்திலேயே நடக்கும். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுப்பதானால், டெண்டர் அறிவிப்பு வருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு போனால், ஒப்பந்தக் காலம் முடியட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

(தொடரும்)