நாளைக்கும் திறக்க வேண்டிய இணைப்புகள்

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அமர்ந்திருந்த வீதியோரக் கொட்டகையில் ஓர் அம்மா தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். வெளிநாட்டிலிருக்கும் மகள் எப்போதோ அனுப்பிய ஓர் இணைப்பு அதில் இருந்தது. "பிள்ளை, இதை ஒருக்கா திறந்து பார். இதிலதான் தம்பியின்ர பேர் கிடக்கெண்டு மகள் சொன்னவள்." திறந்தேன். அப்படியொரு பக்கம் இல்லை என்று வந்தது.

அன்று மாலை வீட்டிலிருந்து தேடியபோதுதான் பட்டியல் அழிக்கப்படவில்லை என்பது தெரிந்தது. அந்த அமைப்பு தன் இணையத்தளத்தைப் புதுப்பித்திருந்தது. அதே பட்டியல் அதே தளத்தில் வேறொரு முகவரியில் இருந்தது. பழைய முகவரியில் அவர்கள் முன்பு பயன்படுத்திய மென்பொருளின் பெயரும், ஒரு கேள்விக்குறியும், அதன்பின் ஓர் இலக்கமும் இருந்தன. மென்பொருளை மாற்றிய நாளில் அந்த இலக்கம் பொருளற்றதாகிவிட்டது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ் லீ இதைப் பற்றி 1998 இலேயே எழுதியிருக்கிறார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அவரது வாதம். மென்பொருளின் பெயர், கோப்பின் வகை போன்ற நாளை மாறக்கூடிய எதையும் முகவரிக்குள் வைக்காதீர்கள் என்றும் சொன்னார்.

நீதிமன்றங்களும் இதிலிருந்து தப்பவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டப்பட்ட இணைப்புகளை ஹார்வர்ட் சட்டக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013 இல் சோதித்தார்கள். ஏறத்தாழப் பாதி இணைப்புகளில், தீர்ப்பு குறிப்பிட்ட தகவல் இருக்கவில்லை.

இந்தச் சிக்கலோடு அதிக காலம் மல்லுக்கட்டி, ஓரளவு நல்ல தீர்வுக்கு வந்தவர்கள் மென்பொருள் எழுதுவோர்தான். அவர்கள் எழுதும் மூலநிரல் ஆயிரக்கணக்கான கோப்புகளாகக் களஞ்சியம் ஒன்றில் இருக்கும். தினமும் பலர் அதைத் திருத்துவார்கள். "இந்தக் கோப்பின் 212 ஆம் வரியில் பிழை இருக்கிறது" என்று ஒருவர் இன்று எழுதினால், நாளை அதற்கு மேலே யாரோ மூன்று வரி சேர்த்திருப்பார்கள். 212 ஆம் வரியில் வேறேதோ இருக்கும். வாசிப்பவர் பிழை எதுவுமில்லை என்று நினைத்துப் போய்விடுவார்.

களஞ்சியங்களை உலாவியில் பார்க்க வழிவந்த ஆரம்பத்தில் நிலைமை இன்னும் மோசம். சில தளங்களில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் மேலேயுள்ள முகவரி மாறாது. புக்மார்க் செய்தால் முகப்புப் பக்கம்தான் சேமிக்கப்படும். பின்னர் வந்தவற்றில் முகவரி மாறியது, ஆனால் மனிதருக்கு விளங்காது. கிட் களஞ்சியங்களைக் காட்டும் கிட்வெப் என்ற மென்பொருளின் முகவரிகள் கேள்விக்குறி, சமக்குறி, அரைப்புள்ளி என்று நீண்டுபோகும். திட்டத்தின் பெயர், கோப்புறை, கோப்பு என்று சாய்கோடுகளால் பிரித்து வாசிக்கக்கூடியதாக்கும் வசதி அதில் பின்னர் சேர்க்கப்பட்டது. ஆனால் இயல்பாக அது அணைக்கப்பட்டே இருக்கும், களஞ்சியத்தை நடத்துபவர்தான் இயக்க வேண்டும்.

இன்று பலரும் பயன்படுத்தும் கிட்ஹப்பில் முகவரியைப் பார்த்தாலே விடயம் புரியும். உரிமையாளர், திட்டம், "மெயின்" என்ற கிளையின் பெயர், கோப்புறை, கோப்பு என்று வரிசையாக வரும். வாசிக்க இலகுதான், ஆனால் அது நிலைத்த முகவரி அல்ல. "மெயின்" என்றால் அந்தக் கோப்பு இன்று எப்படி இருக்கிறதோ அது. அடுத்த மாதம் திறந்தால் அடுத்த மாதத்துக் கோப்பு வரும். அதே பக்கத்தில் நின்று விசைப்பலகையில் "வை" எழுத்தை அழுத்தினால், முகவரியில் "மெயின்" இருந்த இடத்தில் 40 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு தொடர் வந்து அமரும். பக்கத்தில் வரி எண்ணைச் சொடுக்கினால் அந்த எண்ணும் முகவரியின் கடைசியில் சேரும். இனி அந்த இணைப்பு இந்த வரியை, இன்றைய நிலையில் மட்டுமே காட்டும்.

அந்த 40 எழுத்துத் தொடரை யாரும் இருந்து யோசித்து வைப்பதில்லை. 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் மென்பொருள், கோப்புகளின் உள்ளடக்கம், மாற்றியவர், நேரம், முந்தைய பதிவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு அதைப் பெறுகிறது. ஒரு காற்புள்ளி மாறினாலும் முற்றிலும் வேறு தொடர் வரும். சத்தமில்லாமல் ஒரு வரியைத் திருத்திவிட்டு "இது முன்பே இப்படித்தான் இருந்தது" என்று சொல்ல முடியாது. அறிக்கைகளின் வரிகள் காணாமல் போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதன் பெறுமதி எளிதில் புரியும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் சில நாட்களிலேயே இலங்கையின் கணினித் துறைத் தொண்டர்கள் சகானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனோரைப் பதிவு செய்து தேடுவதற்கான பகுதியும் அதில் இருந்தது. பின்னர் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் ஹெய்ட்டியிலும் சகானா பயன்பட்டது. அதன் மூலநிரல் முதலில் சோர்ஸ்போர்ஜ் தளத்தில் இருந்தது, பின்னர் லோஞ்ச்பேடுக்குப் போனது, பின்னர் கிட்ஹப்புக்கு வந்தது. ஆரம்பத்தில் அவர்கள் பயன்படுத்திய சிவிஎஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி எண்தான், முழுத் திட்டத்துக்கும் ஒரு நாளின் அடையாளமாக ஓர் எண் கிடையாது. ஆகவே 2005 இல் ஒருவர் குறித்துவைத்த முகவரியை வைத்து இன்றைய களஞ்சியத்தில் அதே வரிக்குப் போக முடியாது. கிட்டின் தொடர் அப்படியல்ல. களஞ்சியத்தை வேறு நிறுவனத்தின் தளத்துக்குக் கொண்டுபோனாலும், வீட்டு மடிக்கணினியில் பிரதி எடுத்தாலும் அதே 40 எழுத்துகள்தான். முகவரி இடத்தைச் சொல்லாமல் பொருளைச் சொல்கிறது.

இடம் அழிந்துபோவதும் உண்டு. கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது, கிட்டோரியஸ் அதற்கு முந்தைய ஆண்டு மூடப்பட்டது. அவற்றிலிருந்த நிரல்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் இடங்களில் ஒன்று, பிரான்சில் 2016 இல் தொடங்கிய சொப்ட்வெயார் ஹெரிடேஜ். அங்கும் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளமே முகவரி.

வாசிக்கக்கூடிய முகவரி என்ற பேச்சு தமிழுக்கு வரும்போது இன்னொரு சிக்கல். உலாவியில் அழகாகத் தமிழில் தெரியும் முகவரியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சதவீதக் குறிகளால் நிறைந்த நீண்ட தொடராகிவிடும். ஒருங்குறியில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாக விரியும். "முல்லைத்தீவு" என்ற ஒரு சொல் மட்டும் 108 எழுத்தாகிவிடுகிறது. இடையில் எங்காவது முறிந்தால் இணைப்பு திறக்காது. 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்தில் ஆவணப் பக்கங்களின் முகவரியில் தமிழ்த் தலைப்புகள் உண்டு, கூடவே ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண்ணும் உண்டு. தலைப்பு மனிதருக்கு, எண் பிழையின்றிக் குறிப்பதற்கு. எனக்குத் தெரிந்தவரை தமிழுக்குப் பொருந்தும் வழி அதுதான்.

ஐக்கிய நாடுகள் ஆவணங்களும் இப்படித்தான். இலங்கை பற்றிய 2015 மனித உரிமை அலுவலக விசாரணை அறிக்கையின் குறியீடு ஏ/எச்ஆர்சி/30/சிஆர்பி.2. செய்தித்தளம் ஒன்றின் இணைப்பைக் கொடுப்பதை விட இந்தக் குறியீட்டைக் குறித்து வைப்பது மேல். ஐநா ஆவணத் தளத்தில் அதையே முகவரியாக இட்டுத் திறக்கலாம்.

எண்ணோ குறியீடோ இல்லாத சாதாரணப் பக்கங்களுக்கு, இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெசினில் முகவரியை இட்டுச் சேமிக்கக் கேட்கலாம். கிடைக்கும் புதிய முகவரியின் நடுவில் 14 இலக்கங்கள் இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன் என்று அதை வாசிக்கலாம். தளத்தின் உரிமையாளர் கேட்டால் அங்கிருந்தும் பக்கம் நீக்கப்படலாம் என்பதால், முக்கியமானவற்றைப் பிடிஎப் ஆக உங்களிடமும் வைத்திருங்கள். அந்தக் கோப்பிலிருந்தும் கிட் போலவே ஒரு தொடரைக் கணக்கிடலாம், விண்டோசில் அதற்கான கட்டளை ஏற்கனவே இருக்கிறது. அந்தத் தொடரை நம்பகமான ஒருவருக்குத் திகதியோடு மின்னஞ்சலில் அனுப்பி வைத்தால், கோப்பு அதன்பின் மாற்றப்படவில்லை என்று பிறகு காட்ட முடியும்.

ஆனால் எல்லா முகவரியும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டியதில்லை. சாட்சி ஒருவரின் பெயரோ ஊரோ முகவரியிலேயே இருந்தால், கைபேசியை வாங்கிப் பார்ப்பவர் பக்கத்தைத் திறக்காமலே தெரிந்துகொள்வார். அப்படிப்பட்டவற்றுக்கு விளங்காத எண்ணே நல்லது. அவற்றைப் பொதுச் சேமிப்பகத்தில் இடவும் கூடாது.

அம்மாவின் மகளுக்குப் பட்டியலின் புதிய முகவரியையும் சேமித்த பிரதியின் முகவரியையும் அனுப்பினேன். அடுத்த முறை கிளிநொச்சி போனபோது தம்பியின் பெயர் இருந்த பக்கத்தை அச்செடுத்து, அதன் அடியில் திகதியும் ஆவணத்தின் தலைப்பும் எழுதிக் கொடுத்தேன். படங்களும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் இருந்த அதே பைலுக்குள் அவர் அதையும் வைத்துக்கொண்டார்.