பிஞ்சு இதயத்தின் பிணியை முன்னறிதல்

குழந்தை பிறந்தால் எடை பார்க்கிறோம், நட்சத்திரமும் பார்க்கிறோம். அதன் இதயம் செவ்வனே அமைந்துள்ளதா என்று பார்க்கிறோமா? உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 8 அல்லது 9 குழந்தைகளுக்கு இதயத்தில் பிறவிக் குறை உண்டு. சில குறைகள் தாமே சரியாகும். சிலவற்றுக்கு முதலாண்டிலேயே சிகிச்சை வேண்டும்.

இப்பிணி ஒளிந்திருக்க வல்லது. கருவில் இயங்கிய இரத்தக் குழாய் ஒன்று, பிறந்து சில நாட்கள் திறந்திருந்து கடுங்குறைகளை மறைத்துவிடும். தாயும் சேயும் வீடு திரும்பிய பின்னரே அது மூடி, ஆபத்து வெளிப்படலாம். ஆகவே, வீடு தேடி வரும் சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் இதில் பயிற்சி இன்றியமையாதது.

அவர்கள் கற்க வேண்டியவை எளியவையே. பால் குடிக்கையில் குழந்தை களைத்து நெற்றி வியர்க்கிறதா, எடை ஏறாதிருக்கிறதா, அடிக்கடி சளிக் காய்ச்சல் வருகிறதா என்று தாயைக் கேட்டறிதல் வேண்டும். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுதல் வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலிருப்பின் அது வேகமான மூச்சு. கருநிற மேனியில் நீலம் புலப்படாது. நாக்கைப் பார்த்தல் வேண்டும்.

கண்ணுக்கு எட்டாததைக் கருவி காட்டும். பிறந்து 24 மணி நேரத்திற்குப் பின் வலக் கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்தால், வலியின்றி இரத்தத்தின் பிராணவாயு அளவு தெரியும். 90 சதவீதத்திற்குக் குறைந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆயினும் இதயச் சுவரிலுள்ள துளைகளை இக்கருவி பெரும்பாலும் காட்டாது. பின்னரும் தொடர்ந்து கவனித்தல் அவசியம்.

2013ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பிறவி இதயக் குறையும் அடங்கும். அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளி மாணவரை ஒருமுறையும் மருத்துவக் குழு பார்வையிட வேண்டுமென்பது அதன் ஏற்பாடு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குழந்தைகளின் இதய அறுவைக்கும் உதவுகிறது.

2021ஆம் ஆண்டு அமைந்த தாம்பரம் மாநகராட்சியில் நெசவாளர் வாழும் அனகாபுத்தூரும் அடங்கும். அங்குள்ள நெசவாளருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை: அறுந்த இழையைத் தறியிலேயே கண்டால் ஒரு முடிச்சுடன் தீரும், துணி முடிந்த பின் கண்டால் நஷ்டமே. கடன் விண்ணப்பங்களில் 'வைத்தியச் செலவு' என்ற சொற்களை நான் அடிக்கடி காண்கிறேன். தாமதம் குழந்தையின் உயிரோடு குடும்பத்தின் சேமிப்பையும் கவர்ந்து செல்லும்.

சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாதத்தில் ஒரு பிற்பகல் சங்கக் கட்டடத்தைத் திறந்து வைத்து, பயிற்சி பெற்ற செவிலியரை அழைத்து, அங்கத்தினர் வீட்டுத் தாய்மார்களுடன் பேசச் செய்யலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுவீர்களாக.