ஒலிம்பிக் கைவிட்ட பிஸ்டல்… வீட்டில் வைத்திருக்கலாமா?

ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர்களுக்கு இது சட்டெனப் புரியும். ஷூவுக்கு 'லாஸ்ட்' எப்படியோ, 50 மீட்டர் 'ஃப்ரீ பிஸ்டலு'க்கு வீரரின் உள்ளங்கை அப்படி. கைப்பிடி மரத்தை அவரவர் கைக்கேற்பச் செதுக்கிக்கலாம். ட்ரிகருக்கு இவ்வளவு அழுத்தம் வேணும்னு விதியும் கிடையாது.

2014 ஆசிய விளையாட்டில் ஜித்து ராய் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். ஆனால் 2016 ரியோவோடு இந்தப் போட்டி ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. ரஷ்யாவின் டோஸ்-35, சுவிட்சர்லாந்தின் ஹேமர்லி ரகங்கள் இப்போது சேகரிப்பாளர்கள் தேடும் பொருட்கள்.

நம்மூரில் வைத்திருக்கலாமா?

'பழசுதானே' என்று நினைத்தால் சிக்கல். இவற்றில் போடுவது .22 தோட்டா, லைசென்ஸ் கட்டாயம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு 2 துப்பாக்கிதான். போட்டி வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு.

தாத்தா விட்டுப்போனதா?

உங்கள் பெயரில் லைசென்ஸ் இல்லாமல் பீரோவில் பூட்டி வைத்திருந்தாலும் குற்றம்தான். 2019-ல் மாவட்டம் பிரிந்ததால், ஆம்பூர்க்காரர்கள் போகவேண்டியது வேலூருக்கு அல்ல, திருப்பத்தூர் கலெக்டர் ஆபீசுக்கு.

சுட்டுப் பழகத்தான் ஆசையா?

4.5 மி.மீ. ஏர் பிஸ்டல் போதும். 20 ஜூல் சக்தியைத் தாண்டாதவரை லைசென்ஸ் தேவையில்லை. 2024 பாரிஸில் மனு பாக்கர் 2 வெண்கலம் வாங்கியதும் ஏர் பிஸ்டலில்தான்!