கடல் சூழ்ந்த வீடுகள் – 14: இஞ்சி வேர் போன வழி

டரல் குடும்பம் 1935-ல் கோர்ஃபு தீவில் வந்து இறங்கியது, குளியலறை உள்ள வீடு கேட்டு அலைந்தது, உள்ளூர் டாக்சி ஓட்டுநர் ஸ்பைரோ தன் டாட்ஜ் காரோடு வந்து கைகொடுத்தது எல்லாம் போன வாரமே முடிந்த கதை. இந்த வாரம் மலைமேல் இருக்கும் பழைய பெரித்தியா கிராமத்துக்குப் போவதாகப் பேச்சு. கிளம்பும் முன் நகரத்தின் ஸ்பியனாடா மைதானத்து ஓரம், லிஸ்டன் வளைவுகளுக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடைகளில் சற்று உட்கார வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு பானம் கிடைக்கிறது.

பெயர் த்ஸித்ஸிபீரா. தம்ளரில் ஊற்றினால் கலங்கிய வெளிர்மஞ்சள் நிறம். முதல் மடக்கில் இனிப்பு, அதை விரட்டிக்கொண்டு எலுமிச்சைப் புளிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஏறும் காரம். துருவிய இஞ்சி, எலுமிச்சைச் சாறு, எலுமிச்சைத் தோலின் எண்ணெய், சர்க்கரை, தண்ணீர். இவ்வளவுதான் சரக்கு. பெரிய கொப்பரையில் காய்ச்சி எடுக்கிறார்கள். நெடுநாள் தாங்காது என்பதால் இதைக் குடிக்கத் தீவுக்கே வந்தாக வேண்டும்.

கிரேக்கத் தீவில் இஞ்சிப் பானத்துக்கு என்ன வேலை? 1815 முதல் 1864 வரை கோர்ஃபு பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. பட்டாளத்துக்காரர்கள் இரண்டு பழக்கங்களை விட்டுப்போனார்கள். ஒன்று கிரிக்கெட், 1823-லேயே ஸ்பியனாடாவில் மட்டை சுழன்றிருக்கிறது. கோர்ஃபுக்காரர்கள் அந்த ஆட்டத்துக்குத் தங்கள் பாஷையிலேயே சொற்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். கேட்ச் கொடுத்து அவுட் ஆனால் 'அப்போ ப்ஸிலா', அதாவது உயரத்திலிருந்து. ஸ்டம்ப் விழுந்தால் 'அப்போ க்ஸீலா', கட்டையிலிருந்து. இன்னொரு பழக்கம் ஜிஞ்சர் பீர். அந்தப் பெயர்தான் உள்ளூர் நாக்கில் புரண்டு த்ஸித்ஸிபீரா ஆனது.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் கார் இந்நேரம் மலை ஏறியிருக்கும். ஆனால் ஜிஞ்சர் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனால் வழி நீண்டுகொண்டே போகிறது.

இஞ்சி, வேர் என்ற நம் இரண்டு சொற்களும் சேர்ந்த வடிவம் அது. பாலி மொழியில் அது 'சிங்கிவேர'. சமஸ்கிருதத்தில் 'ச்ருங்கவேர' என்று ஆக்கி, கொம்பு போன்ற உடல் உடையது என்று பொருளும் சொல்லிக்கொண்டார்கள். கிளைகிளையாகப் பிரியும் இஞ்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த விளக்கம் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் மூலம் திராவிடச் சொல்லே, கொம்புக் கதை பின்னால் ஒட்டியது என்பதுதான் மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. சரக்கோடு சொல்லும் கடல் கடந்து கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரி' ஆனது. கி.பி. முதல் நூற்றாண்டில் டயஸ்கோரிடீஸ் என்ற கிரேக்க மருத்துவர் தன் மூலிகை நூலில் இஞ்சியைச் சேர்த்து, அது அரேபியப் பக்கம் விளைவதாக எழுதினார். செங்கடல் வழியே வரும் சரக்கை அந்தக் கரையில் விளைந்தது என்று நினைப்பது இயல்புதானே.

கிரேக்கத்திலிருந்து லத்தீன், அங்கிருந்து பழைய பிரெஞ்சு, பிறகு ஆங்கிலத்தில் ஜிஞ்சர். 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் சிப்பாய் அதை கோர்ஃபுவில் கொண்டுவந்து இறக்கினான். கிரேக்க மொழிக்கு அது ஏற்கெனவே வந்துபோன விருந்தாளி. ஆனால் முகம் அவ்வளவு மாறியிருந்தது. புது ஆளாக எண்ணிப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே சொல், ஒரே மொழிக்குள், இரண்டு வாசல் வழியாக, பல நூற்றாண்டு இடைவெளியில்!

டரல் குடும்பமும் கிட்டத்தட்ட இஞ்சி போன திசையில் போனதுதான். தாய் லூயிசா பிறந்தது ரூர்க்கியில். மூத்த மகன் லாரன்ஸ் 1912-ல் ஜலந்தரில், கடைக்குட்டி ஜெரால்டு 1925-ல் ஜாம்ஷெட்பூரில். 1928-ல் தகப்பனார் இறந்த பிறகுதான் குடும்பம் இங்கிலாந்து போனது. கோர்ஃபு நாட்களைப் பற்றி ஜெரால்டு 1956-ல் வெளியிட்ட நூலில் தாய் அதிகம் தென்படும் இடம் அடுப்பங்கரை. தீவின் நீர்நிலைகளில் சிறுவனுக்கு நுண்ணுயிர்களைக் காட்டிக்கொடுத்த மருத்துவர் தியோடர் ஸ்டெஃபனிடீஸும் பம்பாயில் 1896-ல் பிறந்து, 11 வயதில் கோர்ஃபு வந்தவர்.

லூயிசாவின் மூக்குக்கு அந்தத் தீவுச் சமையல் அந்நியமாக இருந்திருக்காது. கோர்ஃபுவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பாஸ்தித்ஸாதா: சேவலோ மாட்டிறைச்சியோ தக்காளிக் குழம்பில் நெடுநேரம் வெந்து, துளையுள்ள தடித்த பாஸ்தாவின் மேல் வந்து அமரும். அதற்குப் போடுவது பட்டை, கிராம்பு, மிளகு, ஜாதிக்காய் எல்லாம் சேர்ந்த பொடி. அதற்கு ஸ்பெத்ஸெரிகோ என்று பெயர். 1386 முதல் 1797 வரை தீவை ஆண்ட வெனிஸ்காரர்கள் காலத்தில் மருந்துக் கடையில் விற்ற பொடி அது. நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும் வாங்கிப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இராது.

கார் இன்னும் ஸ்பியனாடாவில்தான் நிற்கிறது. வடகிழக்கே கலாமி விரிகுடாவில், லாரன்ஸும் மனைவி நான்சியும் குடியிருந்த வெள்ளை வீட்டின் கீழ்த்தளத்தில் இன்று சாப்பாட்டுக் கடை நடக்கிறது. முதலில் அங்கே இறங்க வேண்டும். பிறகு 906 மீட்டர் உயர பாண்டோக்ராட்டர் மலைச் சரிவு. கடற்கொள்ளையருக்குப் பயந்து மேலே கட்டிய ஊர், கடற்கரைக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்ததும் எப்படிக் காலியானது, அந்தக் கல்வீடுகளில் மறுபடி அடுப்பெரிய வைத்த உணவு விடுதிகள் எவை என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)